பாட்டு எண் சொன்ன பிறகு கிடைக்கும் அரை நிமிடம்: ஆலயத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஓர் ஆலயத்தில் இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன். முதல் நான்கு வருடம் காலால் மிதிக்கும் பழைய ஆர்கன், அப்புறம் கீபோர்டு. ஆராதனை முடிந்து டீயும் வர்க்கியும் கையில் எடுத்த பிறகுதான் பிள்ளைகள் கேள்வியோடு வருவார்கள். கோத்தகிரி, கேத்தி, வெலிங்டன் பக்கம் வாசிக்கிற தம்பி தங்கைகள் போனிலும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டே கவலைதான். நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வரவில்லை. பார்க்காமல் வாசித்தால் பாதியில் மறந்துவிடுகிறது. இவ்வளவு நாள் வாய்வழியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, நான் எல்லாவற்றையும் காதால் கேட்டே வாசித்துவிடுவேன். நோட்ஸ் படிக்கத்தான் வேண்டுமா?

உங்கள் சபையில் கோரஸும் கீர்த்தனையும் மட்டும்தான் என்றால் அவசரமில்லை. காதால் வாசிப்பது சாதாரணத் திறமை அல்ல. மேல்நாட்டில் பட்டம் வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு அது வராது.

ஆனால் பாடகர் குழு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேல் குரலிலிருந்து கீழ்க் குரல்வரை நாலு பார்ட்டில் பாட ஆரம்பித்த அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். டெனர் பாடுகிற அண்ணன் "என் பார்ட்டை மட்டும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க" என்பார். காதில் இருப்பது சோப்ரானோ மட்டும்தான். டெனர் எங்கேயிருந்து வரும்? அடக்க ஆராதனை இன்னொரு இடம். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தார், அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்று ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டுவார்கள். யூடியூபில் தேடிக் கேட்டுப் பழக அங்கே நேரம் இருக்காது. அன்றைக்கு "தெரியாது" என்று சொல்ல எனக்கு மனசு வராததால்தான் நான் படித்தேன்.

பத்து வருடமாக வாசிக்கிறேன். கை நன்றாக ஓடுகிறது. புதுத் தாளை வைத்தால் மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தடுமாறுகிறேன். ஏன்?

உங்கள் காது உங்கள் கண்ணை வேலை செய்ய விடவில்லை.

நம் ஊர் ஆலயங்களில் வாசிப்பவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. சின்ன வயதிலிருந்து கேட்ட ராகம். தாள் முன்னால் இருக்கும், கண்ணும் அதன் மேல் இருக்கும், வாசிப்பதென்னவோ நினைவிலிருந்து. நாமும் நோட்ஸ் பார்த்து வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். எனக்கு இது தெரியவே பதினோரு வருடம் ஆனது. ஊட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், பாடகர் குழு நடத்திய கை. ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "தம்பி, மூணாவது வரியில பேஸ் என்ன போட்டிருக்கு?" என்றார். பார்த்தேன். நான் இத்தனை வருடமாக அங்கே வாசித்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தாளிலேயே இல்லை. அவர் கோபப்படவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எழுதினவர் வேற சொல்லியிருக்கார்" என்றார். டீ ஆறிப்போனது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாக நோட்ஸ் படிப்பவர்களும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, ஊகித்துத்தான் வாசிக்கிறார்கள். பியானோ ஆசிரியர் போரிஸ் கோல்டோவ்ஸ்கி சொன்ன ஒரு சம்பவம் இசைப் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்களிடையே பிரபலம். பிராம்ஸின் பியானோ இசையொன்றை அவருடைய மாணவி வாசித்தபோது ஓர் இடம் தவறாக ஒலித்தது. திருத்தச் சொன்னார். அச்சில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் மாணவி. பார்த்தால் உண்மையிலேயே அச்சுப் பிழை. அத்தனை நாள் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பிறகு தேர்ந்த வாசிப்பாளர்களிடம் அதே தாளைக் கொடுத்தார். பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியும் அவர்கள் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை. தங்களை அறியாமல் சரியான சுரத்தையே வாசித்துவிட்டுப் போனார்கள். மெதுவாகப் படிக்கிற பெண்தான் அச்சிட்டபடி வாசித்தாள்.

அவர்கள் ஊகித்தது இசையின் இலக்கணத்தை வைத்து. இந்த இடத்தில் இந்த கார்டு வந்தால் அடுத்து இதுதான் வரும் என்று. நாம் ஊகிப்பது அந்த ஒரு பாட்டின் ஞாபகத்தை வைத்து. புதுப் பாட்டு வந்தால் நம் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே உங்களுக்கு முதல் மருந்து, இதுவரை கேட்டே இராத பாட்டு.

கேட்காத பாட்டுக்கு எங்கே போவது?

உங்கள் ஆலயத்து அலமாரியிலேயே இருக்கிறது. நாலு பார்ட் அச்சிட்ட பழைய ராகப் புத்தகத்தை எடுங்கள். அதில் நூற்றுக்கணக்கில் பாட்டு உண்டு. சபை திரும்பத் திரும்பப் பாடுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பக்கம் ஒட்டிக்கிடக்கும். அவைதான் உங்கள் பயிற்சிப் புத்தகம், செலவே இல்லை.

அது தீர்ந்தால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். அவர் நாலு பார்ட்டில் அமைத்த கோரால்களின் (ஆலயப் பாட்டுகளின்) வழக்கமான தொகுப்பில் 371 உண்டு. ஐஎம்எஸ்எல்பி இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எளிது என்று நினைத்துவிடாதீர்கள், உள்பார்ட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்படி வேண்டுமென்றால் ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக்கின் மைக்ரோகாஸ்மாஸ் என்ற பியானோ பயிற்சித் தொகுப்பு. ஆறு பாகம், 153 சிறு இசைகள். முதல் பாகம் இரண்டு கையும் ஒரே சுரத்தை வாசிப்பதில் தொடங்குகிறது. அவருடைய மெட்டுகளை நம் காது முன்கூட்டி ஊகிக்கவே முடியாது. அதனாலேயே நல்லது. என் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, "பேய்ப் படப் பாட்டு மாதிரி இருக்கு" என்றார்கள். இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பதினைந்து நிமிடம். ஆனால் தினமும். சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவது சைட் ரீடிங்குக்கு (புதுத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு) உதவாது. ஒரு பாட்டை இரண்டு தடவைக்கு மேல் வாசிக்காதீர்கள். மூன்றாம் தடவை காது பாட்டைப் பிடித்துக்கொள்ளும்; அப்புறம் நடப்பது வேறு பயிற்சி.

வாசிக்கத் தொடங்கும் முன் தாளில் எதைப் பார்ப்பது?

லண்டன் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பின் பியானோ செய்முறைத் தேர்வில் சைட் ரீடிங்குக்கு 150-க்கு 21 மதிப்பெண். வாசிக்கும் முன் தாளைப் பார்க்க அரை நிமிடம்வரை தருவார்கள். ஆலயத்தில் நமக்கும் ஏறக்குறைய அதே அரை நிமிடம் கிடைக்கிறது: ஐயர் (போதகர்) பாட்டு எண்ணைச் சொல்லி, சபையார் கண்ணாடியைத் தேடி, பக்கம் புரட்டி, யாரோ "எத்தனை?" என்று பக்கத்தில் கேட்டு முடிக்கும் நேரம். நம்மில் பாதிப்பேர் அதை கீபோர்டில் டோன் மாற்றுவதில் செலவழிக்கிறோம்.

நான் பார்க்கிற வரிசை இது. முதலில் ஸ்கேல். வரியின் தொடக்கத்தில் ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி) இருந்தால் கடைசி ஷார்ப்பிலிருந்து அரைச் சுரம் மேலே இருப்பது ஆதார சுரம். ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி) இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே ஆதார சுரம். ஒரே ஒரு ஃபிளாட் என்றால் எஃப். மேஜரா மைனரா என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் பேஸ் வரியின் கடைசிச் சுரம் தீர்த்துவிடும். அடுத்து தாளம். பாட்டு முதல் அடியில் தொடங்குகிறதா, அரைகுறை பாரில் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) தொடங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான்காம் அடியில் எடுக்கும் பாட்டை முதல் அடியில் எடுத்து, சபை முழுவதையும் ஒரு சரணம் தள்ளாட விட்டவன் நான். பிறகு, நடுவில் புதிதாக முளைத்த ஷார்ப், ஃபிளாட், நேச்சுரல். அவை கூட்டமாக இருக்கும் பார்தான் பாட்டிலேயே கஷ்டமான பார். அந்த ஒரு பாரை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பாரை யாரும் பயிற்சி செய்ய வேண்டியதில்லை. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நாலு பார்ட்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படவில்லை. எப்படிப் பார்ப்பது?

கீழிருந்து மேலே பாருங்கள். கண் தானாகவே சோப்ரானோவுக்கு ஓடும், அதில்தான் மெட்டு இருக்கிறது. ஆனால் கார்டின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் பேஸ். பேஸைப் பிடித்தால் நடுவில் இருக்கும் இரண்டு சுரமும் இன்னவைதான் என்று பாதி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சுரத்தின் பெயரையும் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். "பவானி" என்ற பலகையை நாம் ப, வா, னி என்று கூட்டியா படிக்கிறோம்? இடைவெளியைப் பாருங்கள். கோட்டிலிருந்து கோட்டுக்கோ இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போனால் அது மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படைத் தாவல். கோட்டிலிருந்து இடைவெளிக்குப் போனால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. இது கண்ணுக்குப் பழகிவிட்டால் மூன்று கோட்டில் அடுக்காக நிற்கும் மூன்று சுரமும் ஒரே உருவமாக, ஒரு கார்டாகத் தெரியும்.

கண் கைக்கு முன்னால் போக வேண்டும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு. அந்த ஏற்றத்தில் ஓட்டுநரின் கண்ணைக் கவனியுங்கள். வண்டி ஒரு வளைவில் இருக்கும்போதே அவர் பார்வை மேல் வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஜான் ஸ்லோபோடா என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1974-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இசைத் தாளின் படத்தைச் சட்டென்று அணைத்துவிடுவது, அதன் பிறகு அவர் எத்தனை சுரம் சரியாக வாசிக்கிறார் என்று எண்ணுவது. நன்றாகப் படிப்பவர்கள் ஏழு சுரம்வரை போனார்கள். தடுமாறுகிறவர்கள் மூன்று நான்கோடு நின்றார்கள்.

இதை வீட்டிலேயே செய்யலாம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தங்கையிடம் கொடுத்து, நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் பாரை மறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கண்ணுக்கு அடுத்த பாரைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், தங்கையோடு சண்டையும் வரலாம்.

கையைக் குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வாசியுங்கள். இரண்டும் மூன்றுமாக நிற்கும் கறுப்புக் கட்டைகளை விரல் தடவியே இடம் கண்டுகொள்ளும். ஒரு மாதம் போதும்.

வாசிக்கும்போது தவறிவிட்டால்?

நிறுத்தாதீர்கள். திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். சைட் ரீடிங்கில் நான் கண்டிப்பாகச் சொல்கிற ஒரே விதி இது. வீட்டில் ஒவ்வொரு தவறுக்கும் நின்று திருத்திப் பழகியவருக்கு, ஆலயத்திலும் கை நின்றுவிடும். சபை நிற்காதே! முன்னூறு பேர் மூச்சு எடுத்தாகிவிட்டது, அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

கஷ்டமான இடம் வந்தால் எதை விடுவது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆல்டோவை விடலாம், அடுத்து டெனரை. சோப்ரானோவும் பேஸும் இருந்தால் சபைக்கு எதுவும் தெரியாது. அதுவும் முடியாவிட்டால் சோப்ரானோவையும் விடுங்கள், மெட்டைத்தான் அவர்களே பாடிக்கொண்டிருக்கிறார்களே. பேஸும் தாளமும் கடைசிவரை. முழுதாக வழி தப்பினால் ஆதார சுரத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வரியின் முதல் சுரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். அப்படி நான் சேர்ந்துகொண்ட ஞாயிறுகள் ஏராளம். ஒருமுறை ஐயரம்மா, "இன்னைக்கு ரொம்ப அமைதியா வாசிச்சீங்க" என்று பாராட்டினார்கள்.

எங்கள் பாடகர் குழு சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று எழுத்தில்) படிக்கிறது. ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் முறை) தனியாகக் கற்க வேண்டுமா?

பாடுவதற்கு சோல்ஃபா போதும், சில விதத்தில் அதுவே மேல். நார்விச்சைச் சேர்ந்த சாரா குளோவர் அம்மையார் வகுத்த முறையை எடுத்து, ஜான் கர்வன் (1816–1880) என்ற போதகர் செப்பனிட்டுப் பரப்பினார். இசைக் கல்வி இல்லாத சாதாரண ஜனங்கள் பாட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். எந்த ஸ்கேலாக இருந்தாலும் ஆதார சுரம் 'டோ'தான். நம் 'ச' மாதிரியே. அதனால்தான் நம்மவர்களுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொண்டது.

கீபோர்டுக்கு அது போதாது. சோல்ஃபாவில் சுரங்கள் எழுத்தாக வரிசையில் நிற்கின்றன; ஏற்ற இறக்கம் கண்ணுக்கு உருவமாகத் தெரியாது. ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்டாஃப் தாளை எடுத்ததும் 'டோ' எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து மற்றதை எண்ணிக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் புள்ளி தேவைப்படாது.

பாடுகிறவர் "அரைக் கட்டை இறக்குங்க" என்றால் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டலாமா?

தட்டலாம், அதில் பாவமில்லை. ஆராதனை முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் வாசிக்க வருகிறவர், பாடகர் குழு வேறு சுருதியில் எடுக்க, தான் சரியான கட்டையில் இருந்துகொண்டே தப்பாக ஒலிக்க, தன் காதையே சந்தேகப்படுவார். எனக்கு நடந்தது. யார் மாற்றி வைத்தது என்று விசாரித்ததில், முந்தைய வாரமும் நான்தான் வாசித்திருந்தேன்.

இப்போது மனப்பாடம். வீட்டில் பார்க்காமல் முழுதாக வரும் பாட்டு ஆலயத்தில் ஏன் கைவிடுகிறது?

ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை. டிசம்பர் 24 இரவு, பாட்டின் இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. கீபோர்டும் ஆம்ப்ளிஃபையரும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் சத்தம் போகவில்லை, விளக்குதான் போனது. தாள் தெரியவில்லை. பரவாயில்லை, இருபது வருடம் வாசித்த பாட்டு, கை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து யாரோ நல்ல மனசோடு தோளைத் தொட்டு, போன் டார்ச்சைத் தாளின் மேல் அடித்தார்கள். அந்தத் தொடுதலில் கை நின்றுவிட்டது. எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. தாளில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சபை சரணத்தை முடித்தே விட்டது.

அன்றைக்குப் புரிந்தது, என்னிடம் இருந்தது விரல் ஞாபகம் மட்டும்தான் என்று. விரல் ஞாபகம் சங்கிலி மாதிரி. ஒரு சுரம் அடுத்த சுரத்தை இழுத்து வரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதோடு இன்னும் மூன்று பிடிமானம் வேண்டும்: காதில் அடுத்த சுரம் முன்கூட்டியே ஒலிக்க வேண்டும், தாளின் தோற்றம் கண்ணில் நிற்க வேண்டும், என்ன கார்டு எதற்குப் போகிறது என்பது அறிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பதற்றத்திலும் கைவிடாதது. நம்மில் அதிகம் பேர் அதைத்தான் செய்வதில்லை.

அப்படியானால் ஒரு பாட்டை எப்படி மனப்பாடம் செய்வது?

பேஸிலிருந்து தொடங்குங்கள். பேஸ் வரியை மட்டும் இடது கையில் வாசித்து, அதை வாயால் பாடவும் வர வேண்டும். பிறகு கார்டுகளை, ஆதார சுரத்திலிருந்து எத்தனையாவது என்று எண்ணாகச் சொல்லுங்கள்: ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து. ஜி என்றும் சி என்றும் டி என்றும் மனதில் ஏற்றிக்கொண்டால், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டி எஃப்-க்கு இறக்கச் சொன்ன அன்றைக்கு எல்லாம் புதிதாகிவிடும். ஒன்று-நான்கு-ஐந்து என்று ஏற்றியிருந்தால் எஃப், பி ஃபிளாட், சி என்று கை தானே போகும்.

அடுத்து, கடைசி வரியை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு மூன்றாம் வரி. மூன்றிலிருந்து முடிவுவரை வாசியுங்கள். அப்புறம் இரண்டு, ஒன்று. எல்லோரும் முதல் வரியை நூறு தடவையும் கடைசி வரியை இருபது தடவையும் வாசிக்கிறோம், அதனால் போகப்போகத் தெரியாத இடத்துக்குள் நுழைகிறோம். பின்னாலிருந்து கட்டினால் போகப்போகத் தெரிந்த இடம் வரும். அதோடு நான்கு வரிக்கும் நான்கு நுழைவாயில் கிடைக்கும். மகனிடம் "ஏதாவது ஒரு வரி எண் சொல்லு" என்பேன். "மூணு" என்றால் மூன்றாம் வரியின் முதல் சுரத்தில் கை விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகவில்லை, விரலுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

கீபோர்டு இல்லாமல் பயிற்சி செய்வதும் உண்டு. மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பாட்டை முழுதாக மனதுக்குள் வாசித்துப் பார்ப்பேன். எந்த இடத்தில் மங்கலாகிறதோ அந்த இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை தவறும். பர்லியார் வருவதற்குள் இரண்டு பாட்டு முடியும்.

இன்று கற்றதை நாளை, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன் மறதியைத் தானே அளந்து காட்டியிருக்கிறார்: கற்றவுடனே மறதி வேகம், போகப்போகத்தான் குறையும். அதனால் முதல் இரண்டு நாள் தவறவிடாதீர்கள்.

இன்னொரு லாபக் கணக்கு. ஞானப்பாட்டுகளின் தலைப்பில், பல பதிப்புகளில் 8.8.8.8 என்றோ 8.6.8.6 என்றோ எண் இருக்கும். வரிக்கு எத்தனை அசை என்ற கணக்கு அது. எண் பொருந்தினால் ஒரு பாட்டின் ராகத்தில் இன்னொரு பாட்டைப் பெரும்பாலும் பாடிவிடலாம். 1551-ல் ஜெனீவாவில் அச்சான 'ஓல்டு ஹண்ட்ரத்' என்ற ராகம் 8.8.8.8. அந்த ஒரு ராகம் கையில் இருந்தால், தெரியாத 8.8.8.8 பாட்டு வந்து விழும்போது ஐயரின் காதில் மெதுவாக "இந்த ராகத்துல பாடலாமா?" என்று கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு ராகம் மனப்பாடமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கீர்த்தனைகளுக்கு நோட்ஸே கிடையாதே?

பெரும்பாலும் கிடையாது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வாய்வழியாக வந்த பாட்டுகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் சபை பாடுகிற விதம்தான் உங்களுக்கு மூலம். போனில் பதிவு செய்து, ச ரி க ம எழுத்திலேயே நீங்களே எழுதுங்கள். எழுதுவதே பாதி மனப்பாடம்.

கார்டு போடுவதில்தான் கவனம் தேவை. சி-யை ஆதாரமாக வைத்து ஹரிகாம்போதி பாடுகிறார்கள் என்றால் நிஷாதம் பி ஃபிளாட். பழக்கத்தில் ஜி செவன்த் அழுத்தினால் அதிலுள்ள பி, பாடுகிறவரின் சுரத்தோடு நேராக மோதும். அந்த இடத்தில் பி ஃபிளாட் மேஜர் போட்டுப் பாருங்கள். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது. எஃப்-உம் ஜி-யும் போட்டால் ராகத்தில் இல்லாத சுரம் நுழையும். சி, ஏ மைனர், இல்லாவிட்டால் வெறும் ச-ப. குறைவாக வாசிப்பதே அங்கே அழகு. மிஸ்ர சாபு தாளத்தில் ஏழு எண்ணிக்கை. கீபோர்டின் நாலடி ரிதத்தைப் போட்டால் இரண்டாம் சுற்றிலேயே அது ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். ரிதத்தை அணைத்துவிட்டு, தகிட-தகதிமி என்று ஒன்றிலும் நான்கிலும் பேஸைத் தட்டுங்கள்.

தஞ்சாவூரில் இருந்து 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் நம் இசையோடு மேல்நாட்டு இசையும் அறிந்தவர். "கீர்த்தனைக்காரர், நோட்ஸ்காரர்" என்று நாம் பிரித்துக்கொள்வதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

தாளை வைத்து வாசித்தால் திறமைக் குறைவு என்று நினைக்கிறார்களே?

யார் நினைக்கிறார்கள்? உலகமே கொண்டாடிய பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர், கடைசிக் காலக் கச்சேரிகளில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கைத் தாளின் மேல் வைத்துக்கொண்டுதான் வாசித்தார். மனப்பாடம் செய்யுங்கள், தாளையும் வையுங்கள்.

எனக்கு 52 வயது. இனிமேல் வருமா?

வரும். மெதுவாக வரும். பெரியவர்களுக்கு இலக்கணம் சீக்கிரம் புரியும், விரல் தாமதமாகும். முதலில் கண்ணாடிக் கடைக்குப் போங்கள். படிக்கிற கண்ணாடி கைப் புத்தகத் தூரத்துக்கு அளந்தது. கீபோர்டு ஸ்டாண்டில் தாள் அதைவிடத் தள்ளி இருக்கும். தாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி கேளுங்கள். சைட் ரீடிங் வரவில்லை என்று ஒரு வருடம் புலம்பிய ஓர் அக்காவுக்கு அதுதான் பிரச்சினையாக இருந்தது.

நம் மலைக்கென்று ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?

உண்டு. ஜனவரியில் காலை ஏழு மணி ஆராதனைக்கு விரல் மரத்துப்போயிருக்கும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய்க் கையை ஒத்திக்கொள்ளுங்கள், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையும் உதவும்.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன் மாதிரி 1830 காலத்துப் பழைய ஆலயத்தில் வாசிக்கிற யோகம் எல்லோருக்கும் இல்லை. (அதன் மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. உள்ளே நின்றால் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.) எஸ்டேட் சிற்றாலயங்களில் தகரக் கூரைதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை அடித்துப் பெய்யும்போது நீங்கள் வாசிப்பதே உங்களுக்குக் கேட்காது. காதை நம்பி வாசிக்கிறவர் அன்றைக்குத் தொலைந்தார். மழைக்காலம் வருமுன் வீட்டில் கீபோர்டு சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, ஊமைக் கட்டையில் பத்துப் பாட்டு வாசித்துப் பழகுங்கள். கையும் எண்ணும் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று தெரிந்துவிடும்.

மூடுபனி நாட்களில் கட்டைகளுக்குக் கீழே ஈரம் இறங்கும். சில கட்டை பேசாது, சில கட்டை கத்தும். துணியால் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுங்கள். தாள்களை பிளாஸ்டிக் உறையில் போடும்போது பளபளக்காத உறையாகப் பார்த்து வாங்குங்கள். டியூப்லைட் வெளிச்சம் அடித்து, மூன்றாவது வரியின் பேஸ் மறுபடியும் தெரியாமல் போகும்.